மெழுகிய களத்தில் ஆறு மூட்டைக் காப்பி

என் தங்கை என் கையைப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டாள். முழங்கை வரைக்கும் குளிர் ஏறியது. உள்ளே தோல் உரித்த காப்பிக் கொட்டைகள், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கிடந்தன. நுங்கு தோண்டிய விரல் மாதிரி ஆகிவிட்டன என் விரல்கள். பிடித்தால் நழுவுகிறது, விட்டால் ஒட்டுகிறது.

"இன்னும் ஆவலைக்கா. நாளைக்குக் காலையில திரும்ப விடு, தெரியும்."

மறுநாள் பனி விலகாத நேரத்தில் மறுபடியும் விட்டேன். அதே தொட்டி, அதே கொட்டை. வழுவழுப்பு மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக எங்கேயோ கிளம்பிப் போயிருந்தது. ஒரு பிடி அள்ளி நெரித்தால் ஆற்றுச் சரளை மாதிரி கரகரத்தது. இதுதான் கழுவுகிற பதம் என்றாள். அப்புறம் நாலு தண்ணீர் விட்டுக் கழுவினோம். முதல் தண்ணீர் கஞ்சி, இரண்டாவது மோர், மூன்றாவது கலங்கல், நாலாவது தண்ணீர் தண்ணீராகவே திரும்பி வந்தது. மிதந்ததை எல்லாம் வடித்து வெளியே கொட்டினாள். மூழ்கினது மட்டும்தான் காப்பி.

காப்பியை நாற்பத்தெட்டு வருஷமாக நாக்கால் அறிந்தவள் நான். கையால் அறிந்தது அந்த மார்கழியில்.

ஏற்காடு ஊரைத் தாண்டி, சேர்வராயன் மலையின் முதுகில் இன்னும் மேலே ஏறினால் என் தங்கையின் சரிவு வரும். நாலாயிரம் அடிக்கு மேலே. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் தொற்றி ஏறும் மிளகுக் கொடிகள், அவற்றின் நிழலில் இடுப்புயரத்துக்குக் காப்பிச் செடிகள். வெயில் அங்கே வருவதற்கு முன்னால் கதவைத் தட்டும். ஒரு மணி நேரம் உட்காரும். மேகம் வந்தால் எழுந்து போய்விடும். அதனால் பழம் மெள்ளத்தான் சிவக்கும். மெள்ளச் சிவப்பதால் கொட்டை இறுகும். கீழே காய்க்கிற காப்பிக்கு அந்த இறுக்கம் வராது என்று தங்கையின் வீட்டுக்காரர் சொன்னார். அவர் பெரிய எஸ்டேட் ஒன்றில் பழத்தின் தோல் உரிக்கிற மெஷினை ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். தங்கைதான் பேசுவாள்.

"அவசரப்பட்டா அராபிகா வராதுக்கா. அதனாலதான் உன்னை இங்க குடி வெக்க முடியாதுன்றேன்."

உண்மைதான். நான் ஓரிடத்தில் நிற்காதவள். விழுப்புரத்தில் ஒரு காலேஜில் லைப்ரரி வேலை. இருபது வருஷத்தில் எத்தனை வாடகை வீடு மாறினேன் என்று எனக்கே கணக்கில்லை. அனந்தபுரத்தில் கொஞ்ச நாள், கண்டாச்சிபுரத்தில் இரண்டு வருஷம், பிறகு விழுப்புரத்திலேயே மூன்று தெரு, இப்போது திண்டிவனத்துக்கு வெளியே வயல் தொடங்குகிற இடத்தில் மொட்டை மாடியோடு ஒரு வீடு. தினமும் ரயிலில் போய் ரயிலில் வருகிறேன். ஜன்னலுக்கு வெளியே எதுவாவது ஓடிக்கொண்டே இருந்தால்தான் எனக்கு மனசு உட்காரும். எழுதுவதும் அப்படித்தான். ஒரு பாராவுக்குள் மூன்று ஊருக்குப் போய்விடுவேன்.

தங்கை அப்படியில்லை. கல்யாணமாகி மலை ஏறினவள், அங்கேயே வேர்விட்டாள். பத்து வருஷம் எஸ்டேட்டில் பழம் பறித்தாள். தண்டு துளைக்கிற வண்டு தின்று பாழாய்ப் போன மேல்சரிவு ஒன்றை, யாரும் வேண்டாம் என்று விட்டதை, அவளும் அவள் வீட்டுக்காரரும் குத்தகைக்கு எடுத்து மறுபடி நட்டார்கள். செடி காய்க்க நாலு வருஷம் ஆயிற்று. காய்த்ததை எல்லாம் பழமாகவே எஸ்டேட் வாசலில் போட்டுவிட்டு வருவாள். அங்கே அது எல்லோருடைய பழத்தோடும் ஒரே குவியலாகிவிடும். எது இவளுடையது என்று அதற்குப் பிறகு கடவுளுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் கையால் சுற்றுகிற ஒரு சின்ன மெஷினை வாங்கி, தானே உரித்து, தானே ஊறவைத்து, தானே கழுவினாள். புதுச்சேரியில் காப்பி வறுத்து விற்கிற ஒரு பெண் முதல் கைப்பிடியை வாங்கிப் போய்க் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாள்: முழுசும் இதே சுத்தத்தோடு இருந்தால், இதை யாருடையதோடும் கலக்காமல் தனியாக வாங்கி, தனியாகவே விற்கிறேன், வருஷா வருஷம். இல்லை என்றால் பழையபடி எஸ்டேட் வாசல்தான்.

தங்கை அதைச் சொல்லும்போது பார்வையைக் கொட்டையிலிருந்து எடுக்கவில்லை.

"ஒரு தரமாவது என் காப்பி தனியா நிக்கணும்க்கா. அவ்ளோதான்."

*

தை பிறந்தும் மலையில் மழை விடவில்லை. தூறல், மேகம், மறுபடி தூறல். கழுவின காப்பி காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் கழுவினதே வீண். தங்கை போனில் அழவில்லை. அழுகிறவள் இல்லை. ஆனால் பேச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு விட்டாள்.

நான்தான் சொன்னேன், எங்க ஊருக்கு அனுப்பு, வெயிலுக்கு இங்க பஞ்சமா என்று. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தேன். அவளும் யோசித்தாள்.

"பத்துப் பன்னெண்டு நாளுக்கா. நீ ஒரே இடத்துல உக்காருவியா?"

லீவு போட்டேன். அரைகுறையாகத் தண்ணீர் வடிந்த ஆறு மூட்டை, ஒரு குட்டியானை வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, சேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் எல்லாம் தாண்டி, ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தன. மலையின் குளிர் இன்னும் கோணிக்குள் இருந்தது. வழியெல்லாம் அது இறங்காமல் உட்கார்ந்தே வந்திருக்கிறது, என்னை விட நல்ல பயணி.

தங்கை வர முடியாது. மேலே கடைசிப் பறிப்பு பாக்கி. போனிலேயே சட்டம் போட்டாள். அரை மணிக்கு ஒரு தரம் கிளறணும். உச்சி வெயிலில் குவித்து மூடணும், இல்லையென்றால் பழத்தோல் போனபின் கொட்டைமேல் மிஞ்சியிருக்கிற தோல் வெடித்துவிடும். நெல்லுக்கு உமி மாதிரி காப்பிக்கு அந்தத் தோல்தான் காவல். சாயங்காலம் பனி இறங்குமுன் குவித்து மூடிவிடணும். எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தில் வெங்காயம், மண்ணெண்ணெய், கருவாடு எதுவும் இருக்கக் கூடாது.

"அரிசின்னு நெனைக்காத. பாலுன்னு நெனச்சுக்கோ. எது பக்கத்துல இருக்கோ அந்த வாசனையைப் புடிச்சுக்கும்."

மொட்டை மாடியில் புதுத் தார்ப்பாய் விரித்துக் கொட்டினேன். பக்கத்து வீட்டக்கா படியேறி வந்து பார்த்தாள். அவள் நிலம் உள்ள குடும்பம், என் வீட்டுக்குப் பின்னால் தெரிகிற வயலும் களமும் அவர்களுடையது. என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவள். நான் புத்தகத்தோடு போய் வருவதைப் பார்த்து டீச்சரம்மா என்று பேர் வைத்திருக்கிறாள். திருத்திப் பார்த்தேன், திருந்தவில்லை. ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் கடித்தாள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் கடித்துப் பார்க்கிற மாதிரி.

"இன்னாம்மா இது, உப்பும் இல்ல ஒரப்பும் இல்ல. இதுக்கா இந்தப் பாடு?"

வறுத்தால்தான் காப்பி என்றேன். நம்பாத முகத்தோடு இறங்கிப் போனாள். அவர்கள் வீட்டில் டீதான்.

நாலு நாள் நன்றாகவே போனது. தை மாசத்து வெயில், அடிக்காத வெயில், தொட்டுக் கொடுக்கிற வெயில். கிளறும்போது கொட்டைகள் எழுப்பும் சத்தம் நாளுக்கு நாள் மாறியது. முதல் நாள் ஈரமண் மாதிரி அமுங்கியது, நாலாம் நாள் சோழிபோல் சலசலத்தது. நிறம் வைக்கோலாகிக்கொண்டு வந்தது. ஐந்தாம் நாள் காலையில் எனக்குள் அந்தப் பழைய அரிப்பு தொடங்கியது. கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்தால்கூட எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்தேன்.

லைப்ரரியிலிருந்து போன் வந்தது. ஒரு கையெழுத்து வேண்டுமாம். அடுத்த வாரம் வந்தாலும் போதும் என்றுதான் சொன்னார்கள். நான்தான் இன்றைக்கே வருகிறேன் என்றேன். எழுதும்போது இதை மறைக்க ஆசையாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டக்காவிடம் கிளறச் சொன்னேன். அதற்கென்ன, நெல்லைக் கிளறினவளுக்கு இது ஒரு வேலையா என்றாள். ஓடினேன், ரயிலைப் பிடித்தேன். வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. திரும்புகிற வண்டி பன்னிரண்டுக்கு இருந்தது. நான் ஏறவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் எந்தப் பிளாட்பாரத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு திசைக்கு வண்டி கிளம்பிக்கொண்டிருக்கும். காட்பாடிக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. எதிலும் ஏறாமல், எல்லாவற்றிலும் ஏறிவிட்டவள் மாதிரி, இரண்டு டீ குடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். போன் பைக்குள் சத்தம் அணைத்துக் கிடந்தது, லைப்ரரிப் பழக்கம்.

மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். படியெல்லாம் ஈரம். மாடியில் காப்பி இல்லை. தார்ப்பாய் கைப்பிடிச் சுவரில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் குளம். மேலே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலிருந்து கடைசிச் சொட்டுகள்.

காலையில் மோட்டாரைப் போட்டேன். அணைத்த ஞாபகம் இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கீழே பக்கத்து வீட்டக்காவின் களம். அது சிமென்ட் போடாத மண்களம், சிமென்ட்டில் காய்ந்த நெல் மெஷினில் உடையும் என்று அவள் வீட்டில் விடாமல் வைத்திருப்பது. அறுப்புக்காக அன்று விடியற்காலையில் சாணம் கரைத்து மெழுகியிருந்தாள். பச்சை இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. அந்தப் பச்சையின்மேல் வைக்கோல் நிறத்தில், விளிம்பு கோணாமல், அவ்வளவு அழகாகப் பரப்பி வைத்திருந்தது என் தங்கையின் காப்பி. ஈசானி மூலையில், கொட்டைகளின்மேல் குந்திக்கொண்டு, தலையில் அருகம்புல் செருகி, பிடித்து வைத்த சாணிப் பிள்ளையார்.

அக்கா முறத்தோடு நிமிர்ந்தாள்.

"மோட்டாரைப் போட்டுட்டு எங்கம்மா போய்ட்ட? போன் அடிச்சி அடிச்சி எனக்குக் கைதான் நோவுது."

மாடிக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுவதை முதலில் பார்த்தது அவள் மருமகள். மோட்டார் சுவிட்ச் பூட்டின என் வீட்டுக்குள், மத்தியானம் கரண்ட் போன பிறகுதான் தண்ணீர் நின்றிருக்கிறது. இரண்டு பேரும் மேலே ஓடியிருக்கிறார்கள். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி மடித்துத் தண்ணீரைத் தடுத்துக்கொண்டு, முறத்தாலும் வாளியாலும் அள்ளி அள்ளிக் கோணியில் போட்டு, படி இறங்கி, ஏறி, இறங்கி, காலை முழுக்க. அன்று வரவேண்டிய தங்கள் நெல்லை மறுநாள் வரட்டும் என்று வயலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காப்பி நனையவில்லை. ஒரு பிடிகூட நனையவில்லை.

படி இறங்கிக் களத்துக்குப் போய், குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்தேன். பூவரச மரத்து நிழல் விழுகிற பக்கம் தரை இன்னும் ஈரம். கொட்டைகளின் ஒரு பக்கம் பச்சைக் கறை. பாலென்று நினைத்துக்கொள் என்று சொல்லியிருந்தாள் தங்கை.

அதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வராததற்குக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. அம்மா இந்த மாதிரிக் களங்களுக்குக் கூலிக்குப் போனவள். அடித்து, தூற்றி, மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் கூட்டி எடுத்த மண்ணோடு கலந்த நெல்லை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். களத்து மூலையில் பிள்ளையார் பிடித்து வைக்கிற வேலை எங்களுடையதாக இருந்ததில்லை. நாங்கள் கோவிலுக்குப் போகிறவர்களும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். இன்றைக்கு எங்கள் வீட்டு விளைச்சல் ஒன்று, முதல்முதலாக, இன்னொருவர் களத்தில், அவர்கள் நெல்லுக்கு முன்னால், அவர்கள் நெல்லுக்குச் செய்கிற அத்தனை மரியாதையோடும் காய்ந்துகொண்டிருக்கிறது. அந்த மரியாதைதான் அதைக் கெடுத்துக்கொண்டும் இருக்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

முறத்தை எடுத்து நிழல் பக்கத்திலிருந்து அள்ளத் தொடங்கினேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இன்னாம்மா, புள்ளையார வெச்சதுக்கு உங்க சாமி எதுனா கோச்சிக்குமா?"

"எங்க சாமி கோச்சிக்காதுக்கா. காப்பிதான் கோச்சிக்கும்."

சொல்லிவிட்டு நானே சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் என்னவோ ஆகி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை, தொட்டி, நாலு தண்ணீர், புதுச்சேரிப் பெண், தனியாக நிற்க வேண்டிய ஆறு மூட்டை. அக்கா முழுசும் கேட்டாள். நேராக ஈசானி மூலைக்குப் போய், பிள்ளையாரை இரண்டு கையாலும் எடுத்து, பூவரச மரத்தடியில் வைத்துவிட்டு வந்து முறத்தைப் பிடித்தாள்.

*

தங்கைக்குப் போன் பண்ண எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. சொல்லி முடித்ததும் மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தகர ஷீட்டின்மேல் விழுகிற மழை.

பிறகு கேள்விகள் வந்தன. எவ்வளவு நேரம் கிடந்தது, எந்தப் பக்கம் ஈரம், எந்தப் பக்கம் காய்ந்த தரை, கால் போட்டுத் துழாவினார்களா, கையால் கிளறினார்களா. டாக்டர் கேட்கிற மாதிரி கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாகப் பிரிக்கச் சொன்னாள். வெயில் பக்கத்தது தனி, நடுவில் கிடந்தது தனி, நிழல் பக்கத்தது தனி. கறை பட்டதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழிக்கணும். ஒன்றோடு ஒன்று ஒரு கொட்டைகூடச் சேரக் கூடாது. புதுச்சேரிப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

சொல்லித்தான் ஆகணுமா என்று கேட்டேன். காய்ந்த பிறகு வாசனை போய்விடலாம். யாருக்கும் தெரியாமலேகூட இருக்கலாம். என் தப்பை அவள் தலையில் போடாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"நாலு தண்ணி விட்டுக் கழுவுனது எதுக்குக்கா? மறைக்கிறதுக்கா?"

போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது கேட்டாள்:

"அந்தப் புள்ளையாரை இன்னா பண்ணீங்க?"

மரத்தடியில் இருக்கிறார் என்றேன். மழைச் சத்தத்துக்கு நடுவில் அவள் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்புக்கு நான் இன்றுவரை கடன்பட்டவள்.

அடுத்த எட்டு நாள் நான் எங்கேயும் போகவில்லை. காலையில் பனி உலர்ந்ததும் மாடியில் மூன்று தார்ப்பாய். நடுவில் நான் உட்கார்ந்து பொறுக்கினேன். மதியம் அக்கா வருவாள், மருமகளும் சில நாள். அவர்கள் கை மல்லாட்டைப் பருப்பில் சொத்தையைப் பொறுக்கிப் பழகின கை. நான் ஒன்று எடுப்பதற்குள் அக்கா பத்து எடுத்திருப்பாள், பார்க்கக்கூட மாட்டாள், விரல் நுனியே கண்ணாக ஓடும். பொறுக்கிக்கொண்டே ஊர்க்கதை. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தது, யார் வயலில் பன்றி இறங்கியது, மார்க்கெட் கமிட்டியில் நெல் போடப் போனவர்கள் எத்தனை நாளாக வரிசையில் நிற்கிறார்கள். நடுநடுவே என்னைக் குத்துவாள்.

"டீச்சரம்மா குந்திக்கினு இருக்கறத நான் இப்பதான் பாக்கறேன். மோட்டாரு நின்னுச்சா, போய்ப் பாரு."

அவளுக்கு நான் நன்றி சொன்னேனா என்று இப்போது யோசிக்கிறேன். வாயால் சொல்லவில்லை. அவளும் தன் சாணத்துக்காக வருத்தம் சொல்லவில்லை. அவள் செய்தது தப்பு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு விளைச்சல் களத்துக்கு வருகிறது, தரை சுத்தமாக இருக்க வேண்டும், மெழுகியிருக்கிறது, விரிக்கிறோம். அவளுக்கு அதைவிடச் சுத்தமான தரை உலகத்தில் கிடையாது.

பதிமூன்றாம் நாள் ஒரு கொட்டையைத் தோல் நீக்கிப் பல்லில் வைத்தேன். பல் பதியவில்லை. உள்ளே நிறம் மழைக்கு முந்தின வானம்போல நீலமும் பச்சையும் கலந்து இறுகியிருந்தது. மலையில் இருந்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பை எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினேன். நடந்ததையும் நானே போனில் சொன்னேன். அந்தப் பெண் எதிரில் இருந்திருந்தால் அவள் முகத்தையாவது படித்திருப்பேன். சரிங்க, வறுத்து எடுத்துக்கினு நேர்லயே வர்றேன் என்றாள், அவ்வளவுதான்.

*

அவள் வந்த நாளன்று தங்கையும் மலையிலிருந்து வந்துவிட்டாள். காலை முதல் பஸ்ஸில் இறங்கி, சேலத்தில் மாறி, விழுப்புரத்தில் மாறி, மத்தியானம் திண்டிவனம். கை கால் எல்லாம் கீறல், நகத்தில் பழச்சாற்றுக் கறை. வீட்டுக்குள்கூட நுழையாமல் பின்பக்கம் போய்க் களத்தைப் பார்த்தாள். அப்போது அங்கே அக்காவின் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மூலையில் புதுப் பிள்ளையார். தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றாள். அக்காவைப் பார்த்து, நீங்கதானாக்கா என்றாள். நான்தாம்மா என்றாள் அக்கா. உள்ளே வாங்கக்கா, நீங்களும் இருக்கணும் என்று தங்கைதான் அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

புதுச்சேரிப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஒரு பெட்டியைத் திறந்து வெள்ளைக் கிண்ணங்களை எடுத்து என் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தாள். குவியலுக்கு மூன்று கிண்ணமாக ஒன்பது. எது எந்தக் குவியல் என்று எழுதி அடியில் ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். அவள் திரும்பி நின்றுகொண்டு, இடம் மாற்றி வைக்கச் சொன்னாள். மாற்றினேன். அரைத்த தூளை முகர்ந்தாள், கொதித்த தண்ணீரை ஊற்றினாள், நாலு நிமிஷம் காத்தாள். மேலே கட்டிய நுரையைக் கரண்டியால் உடைத்து மூக்கைக் கிண்ணத்துக்குள் வைத்தாள். ஆற விட்டாள். பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துப் பயங்கரச் சத்தத்தோடு உறிஞ்சினாள். உறிஞ்சி, துப்பினாள்.

அக்கா என் காதருகே வந்தாள்.

"அவ்ளோ தூரத்துலருந்து வந்து துப்பிக்கினு நிக்குது பாரு."

தங்கை சிரிக்கவில்லை. கிண்ணங்களைப் பார்க்கவுமில்லை. புதுச்சேரிப் பெண்ணின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விழுங்குகிறாளா என்று.

இரண்டாவது சுற்றில் மூன்று கிண்ணங்களை ஒரு பக்கம் தள்ளினாள். மூன்றை அருகில் இழுத்துக்கொண்டாள். மிச்சம் மூன்றுக்குத் திரும்பத் திரும்பப் போனாள். ஆறிப்போனபின் ஒரு தரம், இன்னும் ஆறினபின் ஒரு தரம். கடைசியில் அந்த மூன்றையும் அருகில் இழுத்த பக்கம் சேர்த்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தோம். தள்ளினது மூன்றும் நிழல் பக்கத்தது. அருகில் இழுத்தது வெயில் பக்கத்தது. அலைந்து அலைந்து சேர்த்தது நடுவில் கிடந்தது.

"இது ரெண்டும் சுத்தமா இருக்குங்க," என்றாள். "கமலா ஆரஞ்சு உரிக்கும்போது விரல்ல ஒட்டுமே, அது இருக்கு இதுல. நாலு மூட்டையும் எடுத்துக்கறேன். தனியாவே வறுக்கிறேன். இது மட்டும் வேணாம்." தள்ளின கிண்ணங்களைத் தொட்டாள். "மாட்டுக் கொட்டாய் வருது. கொஞ்சமாத்தான், ஆனா வருது."

தங்கை தலையாட்டினாள். அருகில் இருந்த கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து, தன் காப்பியை, யாருடையதும் கலக்காததை, சர்க்கரையும் பாலும் இல்லாமல் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னது எனக்கு மறக்காது.

"எங்க சரிவு மாதிரியே இருக்குக்கா."

நாலு மூட்டை, இரண்டு மூட்டை என்ற கணக்கெல்லாம் அக்காவின் காதில் விழவில்லை. அவள் நேராகத் தள்ளின கிண்ணத்துக்குப் போனாள். முழுசையும் எடுத்துக் குடித்தாள். துப்பவில்லை. நாக்கைச் சப்புக் கொட்டி, கொஞ்சம் வெல்லம் போட்டால் தேவலை என்றாள். ஒரு மூட்டையை என்னிடமே விட்டுட்டுப் போம்மா என்று தங்கையிடம் கேட்டாள். எங்க களத்து வாசனைதானே, எங்களுக்கென்ன வந்தது என்றாள். எங்களில் முதலில் சிரித்தது அந்தப் புதுச்சேரிப் பெண்தான்.

சாயங்காலம் தங்கை கிளம்பும்போது அக்கா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். ஷேர் ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தவள், இறங்கும்போது சொன்னாள்:

"அடுத்த தை மாசம் மேல மழ வந்துச்சின்னா இட்டாந்துடும்மா. பொங்கலோட மெழுகுறத நிறுத்திப்புடறேன். உன் காப்பி காஞ்சதும் மெழுகிக்கிறேன்."

அவள் வீட்டில் மெழுகாத களத்தில் நெல் இறங்கினதில்லை. அவள் மாமியார் காலத்திலும் இல்லை. தங்கைக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. வலை கட்டின கட்டில் மாதிரி ஒன்னு செஞ்சு எடுத்துட்டு வர்றேன்க்கா, தரையில படாம காயும், நீங்க உங்க வழக்கத்த மாத்த வேணாம் என்றாள் தங்கை. புரிந்துதான் இருந்திருக்கிறது.

நாலு மூட்டை புதுச்சேரிக்குப் போயிற்று. ஒரு மாசம் கழித்து ஒரு பாக்கெட் தபாலில் வந்தது, மேலே மலையின் பேரும் சரிவின் உயரமும் அச்சடித்திருந்தது. தங்கைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையதை இன்னும் பிரிக்கவில்லை. அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவில் நிற்கிறது, தனியாக.

நான் தினமும் குடிப்பது தள்ளின மூட்டையில் எனக்கு வந்த பங்கை. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் வைத்து, டிக்காஷன் கலந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்காருகிறேன். முதல் வாயில் ஆரஞ்சுத் தோல் வருகிறது. அடியில், கொஞ்சமாக, மெழுகின தரை வருகிறது. இரண்டும் ஒரே டம்ளரில் இருப்பது எனக்குப் போதும். பின்பக்கம் அக்கா களத்தைக் கூட்டுகிற சத்தம் கேட்கும். ரயில் ஒன்று ஊதிக்கொண்டு தெற்கே போகும், போகட்டும். தொட்டி நிரம்பித் தண்ணீர் விளிம்பைத் தொடுகிற சத்தம் மாறும்வரை உட்கார்ந்திருந்து, எழுந்து போய் மோட்டாரை அணைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் செருப்பு மாட்டுகிறேன்.